சோர்வும் இம்சை ஆகுமோ?

ஒருவர் பதினைந்து ஆண்டுகளாக ஒரே தொழிலைச் செய்து வருகிறார். அதன் இடர்கள் அனைத்தும் அவருக்குத் தெரியும். அவரை ஆண்டுக்கு ஒருமுறை அமரவைத்து, அறிந்தவற்றையே மீண்டும் கற்பிப்பது தேவைதானா? அவ்வாறு கற்பிக்காமல் விட்டவர் மீது, விபத்து ஒன்றும் நேராதபோதும், குற்றம் உண்டா? திறந்தவெளிச் சுரங்கத் தொழிலாளர்க்குரிய பாதுகாப்பு மறுபயிற்சியைப் பற்றிய இவ்வினாக்கள், தொழில்முறை பற்றியன போலத் தோன்றினும், உண்மையில் அறம் பற்றியனவே ஆகும்.

திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியில் சுரங்கம் இல்லை; ஆயினும் சுரங்கத்தோடு உறவு உண்டு. ஒடிசாவின் தால்சேர் திறந்தவெளிச் சுரங்கங்களில் வெட்டப்பெறும் நிலக்கரி, பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி, 2001-இல் திறக்கப்பெற்ற எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்கி, வடசென்னை அனல்மின் நிலையத்தைச் சேர்கிறது. நம் இல்லத்து விளக்கொளியில் எங்கோ ஒரு தொழிலாளியின் உழைப்பும் இடரும் கலந்துள்ளன. 1957-இல் வெட்டத் தொடங்கிய நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கும், நம் வீடுகளுக்குக் கருங்கல்லும் ஜல்லியும் தரும் கல்குவாரிகளுக்கும் இது பொருந்தும்.

இப்பயிற்சியில் கற்பிக்கப்படுவன அரிய வித்தைகள் அல்ல. மழைக்குப் பின் பாறைச் சுவரில் புதிய வெடிப்பு உண்டா எனப் பார்த்த பிறகே அதன் அடியில் நிற்க வேண்டும். பெரிய டிப்பர் லாரியை ஓட்டுபவருக்கு அருகில் நிற்கும் ஆள் தெரியமாட்டார். ஓடும் கன்வேயர் பட்டையைத் துடைக்கலாகாது, மின்விசையை நிறுத்திப் பூட்டிய பின்னரே கை வைக்க வேண்டும். வெடிக்காத வெடியை நோக்கி உடனே செல்லலாகாது. இவற்றை ஒருநாள் வேலை செய்தவரும் அறிவார். அறிந்தவரே இவற்றை மறந்து மடிகிறார் என்பதுதான் துயரம்.

அமெரிக்காவில் 1977-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் எட்டு மணி நேரத்திற்குக் குறையாத மறுபயிற்சியைக் கட்டாயமாக்கியது. அப்பயிற்சியை வேலை நேரத்திலேயே, வழக்கமான ஊதியத்துடன் அளிக்க வேண்டும் என்றும் விதித்தது. நம் நாட்டில் 1966-இல் இயற்றப்பெற்ற சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள், ஐந்தாண்டுக்குள் ஒருமுறையேனும் மறுபயிற்சி வேண்டும் என்றன. ஆண்டுதோறும் பாதுகாப்பு வாரம் கொண்டாடும் வழக்கமும் நம் சுரங்கங்களில் உண்டு.

நம் ஆசாரியர் கூறும் நெறி

இன்று ஒரு பொருளைப் புகழ நாம் "பிரமாதம்" என்கிறோம். நம் சாத்திரங்களிலோ அச்சொல் சோர்வையும் விழிப்பின்மையையும் குறிக்கும். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சையை வரையறுக்கும்போது, உயிர் போவதை மட்டும் கூறாது, அதற்குக் காரணமாகிய சோர்வை முன்வைக்கிறார். பொன்னூர் மலையோடு நம் மரபு இணைத்துப் போற்றும் குந்தகுந்தாசாரியர் பிரவசனசாரத்தில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். பிற உயிர் இறப்பினும் பிழைப்பினும், சோர்ந்து ஒழுகுபவனுக்கு இம்சை உறுதி; விழிப்புடன் ஒழுகுபவனுக்கோ, தற்செயலாய் ஓர் உயிர் மாய்ந்தாலும் அதனால் மட்டும் பந்தம் இல்லை என்பது அவர் கருத்து.

முதலில் எழுப்பிய வினாவிற்கு விடை இங்கே கிடைக்கிறது. பயிற்சி நடத்தாமலேயே பதிவேட்டில் கையொப்பம் வாங்கி வைக்கும் மேலாளர், "எங்கள் குவாரியில் பத்தாண்டாக ஒரு விபத்தும் இல்லை" எனலாம். அது பாறையின் பொறுமை. அவருடைய அறம் அன்று. பாறை சரியாத நாளிலும் அவர் இம்சையின் பக்கமே நிற்கிறார்.

திருக்குறளில் இச்சோர்வுக்கெனவே "பொச்சாவாமை" என்னும் அதிகாரம் உண்டு. பொச்சாப்பு என்பது அறியாமை அன்று; மகிழ்ச்சியால் வரும் மறதி. விபத்தில்லாத ஆண்டுகள் பெருகப் பெருக, அம்மறதியும் பெருகும். ஆதலால் புதியவரைவிடப் பழகியவருக்கே மறுபயிற்சி மிகுதியும் தேவை.

ஜார்க்கண்டின் லால்மாட்டியா திறந்தவெளிச் சுரங்கத்தில் 2016 டிசம்பர் 29 அன்று மண் சரிந்து 23 பேர் புதையுண்டனர். திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் 2022 மே மாதம் பாறை சரிந்து நால்வர் இறந்தனர். இச்செய்திகளைப் படித்து "விதி" என்று கூறி நாளிதழை மடித்துவிடுதல் சமணருக்குப் பொருந்தாது. வினைக்கொள்கை, இறந்தவர் தலைமேல் பழியை ஏற்றிவிட்டு உயிரோடிருப்பவர் தப்பிக்கும் வழி அன்று. நம் செயலுக்கு நாமே பொறுப்பு என்பதே அதன் சாரம்.

எதிர்வாதங்கள்

"ஆண்டுதோறும் அதே சொற்பொழிவு, கேட்பவர் உறங்குகின்றனர், இதனால் என்ன பயன்?" எனச் சிலர் கேட்பர். இது தள்ளத்தக்க வாதம் அன்று. பிரதிக்கிரமணம் நாள்தோறும், பக்கந்தோறும், நான்கு திங்களுக்கு ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை என வகுக்கப்பெற்றுள்ளது. பொருளுணராமல் வாயால் மட்டும் ஓதினால் அதுவும் வெறுஞ்சடங்கே. ஆயினும் அதற்காக அதனைக் கைவிடுவார் இல்லை. உள்ளத்தோடு செய்யவே முயல்வர். பயிற்சியும் அவ்வாறே. சென்ற ஆண்டு மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சிகள் யாவை, புதிதாக வந்த இயந்திரம் எது, எந்தச் சுவரில் வெடிப்பு விட்டுள்ளது எனத் தம் களத்திலிருந்தே தொடங்கினால் எவரும் உறங்கார். ஒடியாவோ இந்தியோ பேசுபவருக்கு அவர்தம் மொழியில் கூற வேண்டும். புரியாத மொழியில் கூறிய எச்சரிக்கை, கூறாத எச்சரிக்கையே.

"ஒருநாள் பயிற்சி என்றால் ஒருநாள் கூலி போய்விடும்" என்பது தொழிலாளியின் வாதம். இது நியாயமானது. ஒப்பந்தக் கூலிக்கு உழைப்பவர், வயிற்றுக்கும் விழிப்புக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் நிறுத்தப்படலாகாது. ஆதாயம் பெறுபவரே அந்நாளுக்குரிய கூலியைத் தருதல் அறம்.

இல்லறத்தார் கடமை

இல்லறத்தாருக்குத் தொழிலால் நேரும் இம்சையை முற்றும் நீக்க இயலாது என்பதை நம் ஆசாரியர் அறிவர். அதனாலேயே சங்கற்ப இம்சையை விலக்கி, உத்தியோக இம்சையை இயன்றவரை குறைக்கக் கூறினர். ஆனால் தவிர்க்கக்கூடியதைத் தவிர்க்காமல் விட்டுவிட்டு, அதற்கு "தொழில்" என்று பெயர் சூட்ட இடமில்லை.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து, வெளிமாநிலத்திலிருந்து வந்த ஒன்பது தொழிலாளர் உயிரிழந்தனர். காரணம் ஆராய்வது அதற்குரியோர் பணி. நமக்குரிய பணி வேறு. நம்மில் ஆலைகளிலும் துறைமுகத்திலும் மேற்பார்வையாளராக இருப்போர் உளர். வீடு கட்டுவோர் உளர். லாரி வைத்திருப்போரும் உளர். நம் கீழ் வேலை செய்பவருக்குக் கடைசியாக எப்போது, எம்மொழியில், எவர் கூலியில் எச்சரிக்கை கூறப்பட்டது என்று நம்மை நாமே கேட்போமாக.

மாலையில் விளக்கேற்றும்போது பூச்சி விழுமோ என்று அஞ்சும் மரபு நம்முடையது. அவ்வச்சம், அவ்விளக்குக்குக் கரி வெட்டுபவர் வரையிலும் செல்லுதல் வேண்டும்.