யாருடைய நேரம்?

ஆண்டு முடிவில் கழிந்த பன்னிரண்டு மாதங்களைத் திரும்பிப் பார்க்கும்போது, நம்மிற் பலர் கூறும் கணக்கு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றது. மகன் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினான். மகள் உயர்தர வகுப்பிற் சேர்ந்தாள். கந்தோரிலே பொறுப்பொன்று கூடிற்று. ஊரில் ஒரு கலியாணம், ஒரு செத்தவீடு. அம்மாவுக்குக் கண்ணிற் சத்திரசிகிச்சை. இறுதியில், "மூச்சு விடவும் நேரமில்லை" என்றொரு வாக்கியம். அதைச் சொல்லும்போது முகத்திலே களைப்போடு சிறிது பெருமையும் தோன்றுவதை எவரும் காணலாம்.

இப்பெருமை எங்கிருந்து வந்தது? உடல் வருந்தாதிருத்தலே உயர்குடிப் பிறப்பின் அடையாளம் என்று கருதிய காலமொன்று நம்மிடையே இருந்தது. நிலவுடைமையாளன் தன் ஓய்வைக் காட்டிப் பெருமை கொண்டான். இன்றைய மத்தியதர வர்க்கத்தவரோ தம் ஓய்வின்மையைக் காட்டிப் பெருமை கொள்கின்றோம். இரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் ஒன்றில் ஒத்திருக்கின்றன. அவனுடைய ஓய்வை உழைத்துத் தந்தவர் யார் என்று அவன் கேட்கவில்லை. நம்முடைய ஓய்வின்மையைத் தாங்கி நிற்பவர் யார் என்று நாமும் கேட்பதில்லை.

நேரம் என்பது தனிமனிதர் தம் சாமர்த்தியத்தாற் சேமித்துக்கொள்ளும் பொருள் அன்று, மனிதர்க்கிடையே பங்கிடப்படுவது. இவ்வுண்மையை நாம் வாழும் கொழும்பு நகரமே கற்பித்திருக்கின்றது. கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள துறைமுகத்திலே தொழிலாளர்கள் 1927இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். வெள்ளவத்தை நூல் நெசவு ஆலைத் தொழிலாளர் 1933இல் வேலைநிறுத்தஞ் செய்தபோது கொல்வின் ஆர். டி சில்வா அவர்களுக்குத் தலைமை தாங்கினார். கூலி என்பது தொழிலாளி விற்ற நேரத்தின் விலையாதலின், கூலிக்கான ஒவ்வொரு போராட்டமும் ஆழத்தில் நேரத்திற்கான போராட்டமே. மூட்டை சுமந்தவனும் தறியோட்டியவனும், "நாம் நம் நாளை இன்னுஞ் சிறிது ஒழுங்காக வகுத்துக்கொள்வோம்" என்று அமைதி கொள்ளவில்லை. தம் நாளின்மேல் யாருக்கு எவ்வளவு உரிமை என்று கேட்டனர்.

அக்கேள்விக்குக் கொடுக்கப்பட்ட விலை சிறிதன்று. 1936 ஜூலை 30ஆம் நாள் புதுச்சேரியிலே பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்குப் பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர் பலியாயினர். அதன் பின்னரே எட்டு மணி நேர வேலைநாள் அங்கே சட்டமாயிற்று. இலங்கையிலே 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம், நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 45 மணி என்று எல்லை வகுத்தது. மாலையிலே நம்மவர் கந்தோரை விட்டு வெளியேறும் உரிமை, யாரோ பட்டினி கிடந்து பெற்றுத்தந்த உரிமையாகும்.

ஆயினும் அந்த எல்லைக்கோடு வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. மேற்சொன்ன ஆண்டுக் கணக்கை மறுபடி பாருங்கள். அம்மாவின் கட்டிலருகே இரவு விழித்திருந்தவர் யார்? ரியூசனுக்குப் போகும் பிள்ளைக்காக நாலரை மணிக்கு அடுப்பு மூட்டியவர் யார்? செத்தவீட்டுக்கு வந்தோர்க்கு எட்டு நாளும் தேநீர் வார்த்தவர் யார்? 2017இல் இந்நாட்டில் முதன்முறையாக நேரப் பயன்பாட்டு மதிப்பீடு நடாத்தப்பட்டபோது, கூலியற்ற வீட்டுவேலையிற் பெரும்பங்கு பெண்கள்மேலேயே விழுவது தெரியவந்தது. ஒவ்வொரு சமையலறையும் அறிந்திருந்ததை அரசாங்கப் புள்ளிவிபரம் பின்னர் அறிந்துகொண்டது. தானும் உத்தியோகம் பார்க்கும் பெண்ணுக்கோ, ஒரு வேலைநாள் முடிய மற்றொரு வேலைநாள் தொடங்குகின்றது.

இன்னொருத்தியும் உண்டு. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலே தன் பிள்ளைகளை மலையகத்தில் விட்டுவந்து நம் பிள்ளைகளைப் பார்ப்பவள். வீட்டுப் பணியாளருக்கென இந்நாட்டில் 1871இல் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டம், அவர்களைப் பதிவேட்டில் எழுதிக் கண்காணிப்பதற்கே ஆனது. அவர்களுடைய நாளுக்கு எல்லை வகுப்பதற்கன்று. நம் ஆண்டுக் கணக்கிலே அவள் பெயர் ஒருவரியிலேனும் இடம்பெறுவதில்லை.

"குடும்பம் ஆலையன்று, அங்கே அன்பு வேலை செய்கின்றது, அன்பை மணிக்கணக்கில் அளக்கலாமா?" என்று சிலர் வினவுவர். மதிக்கத்தக்க வினாவே. அன்பினாற் செய்யப்படும் வேலை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அன்பு வீட்டிலுள்ள எல்லோர்க்கும் பொதுவாயிருக்க, அதன் வேலைமட்டும் ஒருத்தியின் தோளிலேயே நாள்தோறும் விழுமாயின், அங்கே அன்போடு வேறொன்றும் ஆட்சி செய்கின்றது. அதற்கு அதிகாரம் என்று பெயர். பிறர் களைப்பைக் கண்டு தானே எழுந்து பாத்திரம் கழுவ வைப்பதன்றோ அன்பு?

மற்றொரு வாதம் இதனினும் வலியது. 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற மக்கள், வரிசைகள் கலைந்த பின்னரும் பழைய விலைகளுக்குத் திரும்பவில்லை. ஒரு சம்பளத்தில் வீடு நடவாது. பாடசாலையில் முடியவேண்டிய கல்வி மாலை வகுப்புகளிலே விலைக்கு வாங்கப்படுகின்றது. இந்நிலையில் ஓய்வைப் பற்றிப் பேசுவது ஆடம்பரமன்றோ என்பர். இல்லை. இக்காரணத்தினாலேயே அது பற்றிப் பேசவேண்டியுள்ளது. அதிகாலையில் எழுந்திருக்கப் புத்திகூறும் நூல்கள் கடைகளில் நிறைந்துள்ளன. சம்பளம் ஏன் போதவில்லை, பத்து வயதுப் பிள்ளைக்கு ஏன் விளையாட மாலை இல்லை என்று அவை கேட்பதில்லை. சமுதாயத்தின் குறையைத் தனிமனிதரின் சோம்பலாக மாற்றிக் காட்டுவதே அவற்றின் தொழில்.

ஆகவே ஆண்டுக் கணக்கை எழுதும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்தெழுதுவோம். நம் நேரத்தை எடுத்துக்கொண்டவர் யார்? நாம் எடுத்துக்கொண்டது யாருடைய நேரம்? முதற் கேள்வி நம்மைத் தொழிற்சங்கத்துக்கு அழைத்துச் செல்லும். இரண்டாவது கேள்வி சமையலறைக்கு அழைத்துச் செல்லும். முதலாவதை மேடையில் உரக்கக் கேட்டுவிட்டு இரண்டாவதை வீட்டில் விழுங்கிவிடும் முற்போக்கு அரைகுறை முற்போக்கே. எட்டு மணி வேலை வேண்டுமென்று கேட்டவர்கள் எட்டு மணி ஓய்வும், வாழ்வதற்கு எட்டு மணியும் கேட்டார்கள். அக்கோரிக்கை நம் வீட்டிலுள்ள ஒவ்வொருவர்க்கும், நம் வீட்டில் வேலைசெய்பவர்க்கும் உரியது.