எள்ளும் தண்ணீரும்

ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. விரலில் தர்ப்பைப் பவித்திரம், எதிரே இலையில் பிண்டம், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வழியும் எள்ளும் தண்ணீரும். கடலில் முங்கி எழுந்தவர்கள் ஈரத்துணியோடு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தங்களிலும் வாளித் தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொள்கிறார்கள். இவர்களில் சிலர் இறந்துபோன அப்பா அம்மாவை நினைத்து வந்தவர்கள். சிலரை அனுப்பிவைத்தது ஜாதகம். பெண்ணுக்கு வரன் அமையவில்லை, வயிற்றில் பிள்ளை தங்கவில்லை, வீட்டில் அடுத்தடுத்துச் சாவு. இது முன்னோர் பாவத்தால் வந்த பிதுர் தோஷம், ராமேஸ்வரம் போய்த் தில ஹோமம் செய்யுங்கள் என்று ஜோதிடர் சொல்லியிருப்பார். கரையும் ஒன்று, எள்ளும் ஒன்று என்பதால் இரண்டும் ஒரே காரியமாகத் தெரிகிறது. முதலாவது நன்றிக்கடன், இரண்டாவது ஒரு குடும்பத்தின் மேல் சுமத்தப்படும் குற்றம். தாத்தா செய்த பாவத்துக்குப் பேரன் பொறுப்பாவானா? ஆகமாட்டான் என்பது என் கட்சி.

அமெரிக்க எழுத்தாளரும் மருத்துவருமான ஆபிரகாம் வர்கீஸ் 2023இல் வெளியிட்ட ‘தி கவனன்ட் ஆஃப் வாட்டர்’ நாவல் இந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகிறது. திருவிதாங்கூரின் சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் தலைமுறைக்கு ஒருவராவது தண்ணீரில் மூழ்கிச் சாகிறார். மூழ்கியவர்களுக்கு அடையாளம் இட்டு வம்சாவளிப் பட்டியல் ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கடைசியில் (இனிமேல்தான் படிக்க இருப்பவர்கள் மன்னிக்கவும்) மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த பேத்தி காரணத்தைக் கண்டுபிடிக்கிறாள்: செவி நரம்பில் வளரும் கட்டி. அதனால் காது மந்தமாகிறது, உடலின் சமநிலை கெடுகிறது, தண்ணீருக்குள் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகிறது.

அப்படியானால் வம்சத்தில் ஏதோ தொடர்கிறது என்று பெரியவர்கள் சொன்னது சரிதானே என்று கேட்கலாம். தொடர்கிறது என்று கண்டது சரி. அந்தப் பட்டியல் இல்லாமல் பேத்தியாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் நோய் இறங்குவது வேறு, பழி இறங்குவது வேறு. பாவம் என்று பேர் வைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் தேடமாட்டார்கள். வினைப்பயன் என்பார்கள். வினைக் கொள்கையோ செய்தவனுக்கே பயன் என்கிறது, அடுத்தவன் கணக்கை நம் தலையில் கட்டுவதில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது இருவரும் இல்லை என்றே இயேசு சொன்னதாக யோவான் எழுதுகிறார். பரிகாரம் ஆறுதல் தருகிறதே என்பது வலுவான வாதம்தான். ஆனால் அந்த ஆறுதலுக்காக, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் முதலில் தன் வீட்டைக் குற்றவாளியாக ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இது அதிக விலை.

ராமேஸ்வரத் தல புராணமே இதற்குச் சாட்சி. ராவணனைக் கொன்ற பிரம்மஹத்தி நீங்க லிங்கம் வைத்துப் பூஜித்தவர் கொன்ற ராமரேதான். லவனும் குசனும் வந்து கழிக்கட்டும் என்று விட்டுவைக்கவில்லை. தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் தாராளமாக விடுங்கள். பேரனுக்குக் காது மந்தமென்றால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.