உச்சியில் ஒரு பொத்தான்

2023 மே மாதம் கர்நாடகத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற கையோடு சித்தராமையா இரண்டு அறிவிப்புகள் செய்தார். தன் கார் போகும்போது மற்ற வண்டிகளை நிறுத்தி வைக்கும் ‘ஜீரோ டிராஃபிக்’ ஏற்பாடு வேண்டாம் என்பது ஒன்று. இனி யாரிடமிருந்தும் பூமாலையோ சால்வையோ வாங்கிக்கொள்வதில்லை, அன்பைக் காட்ட விரும்புகிறவர்கள் புத்தகம் கொடுக்கலாம் என்பது இன்னொன்று. முதல் அறிவிப்பைப் பெங்களூர் சிவாஜிநகர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விதான சௌதா, ராஜ்பவன், இன்ஃபன்ட்ரி சாலையில் போலீஸ் கமிஷனர் ஆபீஸ் என்று எல்லாமே கூப்பிடு தூரம். போலீஸ்காரர் கையைத் தூக்கினால் பஸ், ஆட்டோ, ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குச் சரக்கு ஏற்றி வரும் டெம்போ எல்லாம் நின்றுவிடும். சைரனோடு நாலைந்து கார்கள் பறக்கும். “யாருப்பா போறது?” என்றால், “யாரோ பெரும்புள்ளி” என்று பதில் வரும். என்னை விடாமல் அரிப்பது இரண்டாவது அறிவிப்புதான். சாலையை மறிப்பது போலீஸ், சால்வை போர்த்துவது ஜனங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் ஒருவர் வேண்டாம் என்றால், இரண்டும் ஒரே சரக்கு என்றல்லவா ஆகிறது?

தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்கிறவரைக் கேலி செய்ய ஆங்கிலத்தில் ‘பான்ஜாண்ட்ரம்’ என்றொரு சொல் உண்டு. எப்போதோ படித்த அதன் பிறப்புக் கதை மறக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் சார்லஸ் மாக்லின் என்ற நடிகர், எதையும் ஒருமுறை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தார். அவர் வாயை அடைக்க, சாமுவேல் ஃபூட் என்ற இன்னொரு நாடகக்காரர் தலையும் காலும் இல்லாத ஒரு உளறலை இட்டுக்கட்டினார். அதில் ஒரு கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தில் மகா பான்ஜாண்ட்ரமும் இருக்கிறார். அவர் யார், என்ன பதவி, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஒரே தகவல், உச்சியில் சின்னதாய் உருண்டையாய் ஒரு பொத்தான் என்பதுதான். ஆளைப் பற்றி எதுவும் சொல்லாமல் பொத்தானை மட்டும் சொன்னதில்தான் ஃபூட்டின் குசும்பு இருக்கிறது. இதற்குப் பங்காளியான ‘பிக்விக்’ என்ற சொல்லும் தலை உச்சியில் பிறந்ததே. நீதிபதிகளும் பிரபுக்களும் வைத்துக்கொண்ட பெரிய பொய்முடியிலிருந்து அது வந்தது. 1795இல் தலைப்பவுடருக்கு ஆண்டுக்கு ஒரு கினி வரி போட்ட பிறகு, நீதிமன்றம் போன்ற சில இடங்கள் தவிர, அந்த முடி மெல்ல வழக்கொழிந்தது. சொல் மட்டும் தலையில்லாமலே உயிர் பிழைத்தது.

அந்தப் பொத்தானைத் தேடி லண்டனுக்குப் போக வேண்டாம். நம் ஊர்க் கார்களின் கூரையில் சின்னதாய், உருண்டையாய், சிவப்பாய்ச் சுழன்றுகொண்டிருந்ததே, அது வேறென்ன? 2017 மே 1 முதல் குடியரசுத் தலைவர், பிரதமர் உட்பட யாருக்கும் அது கிடையாது என்று மத்திய அரசு எடுத்துவிட்டது. விளக்குப் போனாலும் சைரன் மிஞ்சியது, நம்பர் பிளேட்டுக்கு மேல் பதவியைச் சொல்லும் பலகை வந்தது. ஒரு பிளெக்ஸ் பேனரையும் கிட்டே போய்ப் பார்க்கலாம். பிறந்தநாள் காணும் வட்டாரத் தலைவர் கைகூப்பியபடி ஆளுயரத்துக்கு நிற்பார். பேனரின் மேல் விளிம்பில், காசளவு வட்டங்களுக்குள், கட்சியின் பெரிய தலைகள் வரிசையாக இருக்கும். ஆளுயரம் நிற்பவரின் பெருமை அந்தக் காசளவு வட்டங்களிலிருந்துதான் இறங்குகிறது. தேர்தல் முடிந்து கட்சி மாறினால் உடல் அப்படியே இருக்கும், உச்சி வட்டம் மட்டும் மாறும். ஆக, பந்தா என்பது ஒருவரின் மண்டைக்குள் ஊறும் குணம் என்று நாம் நினைப்பது பாதிதான் சரி. தலைக்கனம் என்கிறோமே, அந்தக் கனத்தில் பெரும்பகுதி வெளியிலிருந்து ஏற்றி வைத்தது.

ஏற்றி வைப்பவர்கள் மேலே மட்டும் இல்லை. “தம்முடைய பல்வேறு பணிகளுக்கிடையிலும் நம் அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும்” என்று மைக்கில் தொடங்கி, தலையில் மைசூர் பேட்டா சூட்டி, சால்வை போர்த்தி, கையில் பழத்தட்டைக் கொடுப்பது நாம். கீழே இறங்கி வந்ததும், “என்ன அலட்டல் பாத்தியா?” என்று முணுமுணுப்பதும் நாமேதான். இந்த வட்டாரத்துக்கு இது புதிதல்ல. 1809இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு, அதாவது கன்டோன்மென்ட், இறக்கியபோது அதன் பின்னாலேயே ஆற்காடு, வேலூர்ப் பக்கத்துத் தமிழர்களும் வந்து சேர்ந்தார்கள். பிளாக்பள்ளி என்று அப்போது பெயர் பெற்றிருந்த இடம்தான் பின்னாளில் சிவாஜிநகர் ஆனது. அந்நாளைய தமிழில் அரசாங்கத்துக்கே துரைத்தனம் என்று பெயர். துரை என்றால் எழுந்து நிற்க வேண்டும். இன்றோ லேட்டாக எழுந்திருக்கும் பையனைப் பார்த்து, “தொரைக்கு இப்பத்தான் விடிஞ்சுதா?” என்கிறோம். அதிகாரம் கப்பலேறிய பிறகு பட்டம் கேலியாகிவிட்டது. கேலி அதிகாரத்தைக் கொன்றதா, செத்த அதிகாரத்தின் மேல் பயமின்றி ஏறி உட்கார்ந்ததா என்பது வேறு கேள்வி. இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் துரை போன இடத்துக்கு சார் வந்தார், சாரை முகத்துக்கு நேரே யாரும் கேலி செய்வதில்லை.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. ஒரு மாநிலத்தையே ஆளுகிறவருக்கு நேரமும் பாதுகாப்பும் முக்கியம், பத்து நிமிஷம் நாம் காத்திருந்தால் குடியா முழுகிவிடும் என்பார்கள். தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. ஆனால் இதே பெங்களூரில் உறுப்பு மாற்று சிகிச்சைக்காக ஒரு இதயத்தையோ கல்லீரலையோ ஏற்றிய ஆம்புலன்ஸ் போவதற்கு போலீஸ் சாலையைத் திறந்துவிடுகிறது. அப்போதும் அதே ஆட்டோ, அதே டெம்போ நிற்கிறது. யாரும் முணுமுணுப்பதில்லை, ஒதுங்கி வழிவிடுகிறவர்களே அதிகம். காத்திருப்பதல்ல நம் மனக்குறை என்று இதிலிருந்து தெரிகிறது. எதற்காக என்று புரிந்தால் நிற்கிறோம், யாருக்காக என்று மட்டும் சொன்னால்தான் வயிறு எரிகிறது. பெட்டிக்குள் போகும் இதயத்துக்குத் தன் அவசரத்தைக் காட்ட உச்சியில் பொத்தான் தேவைப்படவில்லை. பொத்தான் என்பது காரணம் சொல்ல முடியாத இடத்தில் காரணத்துக்குப் பதிலாக வைப்பதோ என்று சந்தேகம் வருகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. எல்லா மரியாதையும் வெறும் பொத்தான்தானா? தண்டுப் பகுதியில் வாழ்ந்த ஆற்காடு நாராயணசாமி முதலியார் கட்டட ஒப்பந்தக்காரர். இன்று உயர் நீதிமன்றமாக இருக்கும் அட்டாரா கச்சேரி அவர் கட்டியதே. 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் தொடங்கினார். வெள்ளைக்கார அரசு அவருக்கு ராய் பகதூர் பட்டம் தந்தது. இன்றும் அந்தப் பள்ளிகளை ஆர்.பி.ஏ.என்.எம். என்கிறார்கள். முதல் இரண்டெழுத்தும் ராய் பகதூர் என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியுமோ! பட்டம் இரண்டு எழுத்தாகச் சுருங்கிவிட்டது, பள்ளிக்கூடம் நிற்கிறது. ஆகவே செய்தவருக்குக் கொடுத்த மரியாதையையும் பந்தாவையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். ஆனால் செய்ததுதான் நிற்கிறது, பட்டம் நிற்கவில்லை என்பதையும் இதே உதாரணம் சொல்கிறது. சிக்கல் எங்கே என்றால், நமக்குப் பெரும்புள்ளிகள் தேவைப்படுகிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கைக்கோ, ரேஷன் கார்டில் விட்டுப்போன ஒரு பெயருக்கோ வரிசையில் நின்றால் நடக்காத காரியம், ‘அண்ணன்’ ஒரு போன் போட்டால் நடக்கிறது. அவர் போன் மதிக்கப்பட வேண்டுமானால் அவர் பெரிய ஆளாக இருந்தாக வேண்டும். சால்வை அந்தக் காரியத்துக்கு நாம் கட்டும் முன்பணம். “நான் யாரு கொத்தா?” (நான் யார் தெரியுமா?) என்று அவர் கன்னடத்தில் கவுண்டரில் எகிறும்போது, பின்னால் நிற்கும் நமக்கு வெட்கமும் கொஞ்சம் தெம்பும் சேர்ந்தே வருகின்றன.

அதனால்தான் அந்த இரண்டாவது அறிவிப்பு என்னைக் குழப்புகிறது. சாலையைத் திறந்துவிடுவது ஒரு உத்தரவில் முடிந்துவிடும். சால்வையை வேண்டாம் என்றால், அதைக் கொண்டுவந்தவரின் கணக்கு என்னவாகும்? அவர் புத்தகம் வாங்கிக்கொண்டு வருவார், அவ்வளவுதானே! வேண்டாம் என்று ஊரறியச் சொல்வதும் ஒரு வகைப் பெருமைதானே என்று ஒரு மனம் கேட்கிறது. அப்படிச் சந்தேகப்பட்டால் எந்த அடக்கத்துக்கும் இடமில்லாமல் போய்விடும் என்று இன்னொரு மனம் கடிந்துகொள்கிறது. வரிசையே காரியத்தை முடித்துத் தரும் ஊரில் பெரும்புள்ளிகள் தாமாகவே சிறுத்துவிடுவார்கள் என்று நம்ப ஆசைதான். ஆனால் லண்டனில் பொய்முடி போயும் ‘பிக்விக்’ போகவில்லை. ஒருவேளை யாரையாவது அண்ணாந்து பார்க்கவும், பார்த்த கழுத்து வலிக்கு அவரையே திட்டவும் மனிதருக்கு ஓர் ஆள் எப்போதும் வேண்டியிருக்கிறதோ என்னவோ. இதில் என் கட்சி எது என்று கேட்டால், இன்றைக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.