வேடிக்கை பார்ப்பவனுக்குப் பங்கு உண்டா?



அறுப்பு முடிந்து கையில் நாலு காசும் கொஞ்சம் ஓய்வும் இருக்கிற நாட்களில், வேன் அமர்த்திக்கொண்டு குடும்பத்தோடு எங்கேனும் போய் வேடிக்கை பார்த்து வருவது நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. ஜல்லிக்கட்டு என்றால் திருமானூர். மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமை. விமான சாகசம் என்றால் சென்னைக் கடற்கரை வரைக்கும்கூட. இப்படிப் போவது பாவமா சுவாமி என்று சிலர் கேட்கிறார்கள்.

களிப்பு பாவமல்ல. உழைத்த உடலுக்கு உறக்கம் எப்படியோ, உழைத்த மனதுக்கு விளையாட்டும் அப்படியே என்கிறார் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ். தானும் சிரியாமல் பிறரையும் சிரிக்க விடாதவனிடம் குற்றம் உண்டு என்றும் எழுதியிருக்கிறார். (இந்தக் குற்றவாளிகள் நம் பங்கிலும் உண்டு; பெயர் சொல்லவில்லை.) அர்ச். அருளப்பரைப் பற்றிய பழங்கதை ஒன்றையும் அவர் எடுத்துக் காட்டுகிறார். அப்போஸ்தலர் தம் சீடரோடு விளையாடுவதைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை அம்பு எய்யச் சொன்னார். பலமுறை எய்தபின், ஓயாமல் எய்துகொண்டே இருப்பாயோ என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனதும் அப்படித்தான் என்றார் அருளப்பர்.

ஆகவே போகலாமா என்று நான் கேட்கவில்லை. போன இடத்தில், பார்க்கிறவனாக நின்று நாம் என்ன செய்கிறோம் என்றே கேட்கிறேன். "நான் ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்று பார்த்தேன்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சும்மா பார்ப்பது என்று ஒன்று உண்டா?

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. இந்திய விமானப் படையின் 92-ம் ஆண்டு விழாவுக்காக மெரீனாக் கடலுக்கு மேலே 72 விமானங்கள் பறந்தன. ரபேல், தேஜஸ், சூரியகிரண் குழு, சாரங் ஹெலிகாப்டர்கள் எல்லாம் வந்தன. (ஞாயிறு காலைக் காட்சிக்கு நம் ஊரிலிருந்து சனி இரவே கிளம்பவேண்டும். சனி மாலைப் பூசை கண்டாலும் ஞாயிற்றுக்கிழமைக் கடன் தீரும் என்பது திருச்சபைச் சட்டம். கண்டுவிட்டுக் கிளம்பினால் சரி.) பகல் பதினொன்று முதல் ஒன்று வரை நல்ல வெயில். கூடியவர்கள் 15 லட்சம் என்றார்கள். மயங்கி விழுந்தவர்கள் பலர். அன்று 5 பேர் இறந்தார்கள்.

ஏற்பாடு போதுமா போதாதா என்று கட்சிகள் வாதாடின. அது அவர்கள் வேலை. எனக்கு நினைவு வந்தது நல்ல சமாரியன் உவமை. அடிபட்டுக் கிடந்தவனைக் குரு பார்த்தான், லேவியன் பார்த்தான், சமாரியனும் பார்த்தான் என்று மூவருக்கும் ஒரே சொல்லைத்தான் சுவிசேஷம் சொல்லுகிறது. மூவரும் பார்வையாளரே. பார்த்தபின் செய்ததில்தான் வேற்றுமை. லட்சம் பேர் அண்ணாந்து நிற்கிற மணலில் பக்கத்துக் கிழவர் தள்ளாடினால், "யாராவது தண்ணீர் கொடுப்பார்கள்" என்று தோன்றும். கூட்டம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு அந்த "யாராவது" முகமில்லாதவனாகிவிடுகிறான். அன்று கையிலிருந்த பாட்டிலை நீட்டியவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களும் விமானம் பார்க்க வந்தவர்களே.

வானத்தில் பறக்கிற விமானி தன் மனதாரப் பறக்கிறான். பந்தயத்து மாட்டை யார் கேட்டார்கள்? ஏழாம் நாள் ஓய்வு எதற்கு என்று யாத்திராகமம் 23-ம் அதிகாரம் 12-ம் வசனத்தில் பாருங்கள். உன் எருதும் கழுதையும் இளைப்பாறட்டும் என்று முதலில் சொல்லி, அதற்குப் பிறகுதான் அடிமையின் மகனையும் அந்நியனையும் சர்வேசுரன் குறிப்பிடுகிறார். எருதுதான் முதலில் நிற்கிறது. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டாதே என்று உபாகமத்தில் கட்டளையிட்டவரும் அவரே.

மாட்டுக்காரனைக் குறை சொல்ல நான் வரவில்லை. பருத்திக்கொட்டை அரைத்து வைத்து, நடையும் நீச்சலும் பழக்கி, பிள்ளையைப் போல வளர்க்கிறான். டிராக்டர் வந்தபின் பல வீடுகளில் நாட்டுக் காளைக்குத் தொழுவம் இருப்பதே இந்தப் பந்தயங்களை முன்னிட்டுத்தான். சுப்ரீம் கோர்ட்டு 2014 மே 7-ல் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்ததும், 2017-ல் நம் மாநிலம் சட்டத்தைத் திருத்தியதும், அது செல்லும் என்று 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்ததும் நீங்கள் அறிந்ததே. ஆனால் சட்டம் இடம் கொடுத்தது என்பது வேறு, அங்கே நடப்பதெல்லாம் நியாயம் என்பது வேறு.

பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்து, போக வர இத்தனை மைல் என்று எல்லை வைத்து ஓட்டுகிறார்கள். கடைசி மைலில் மாட்டின் வாயில் நுரை தள்ளுகிறது. வாலை முறுக்குகிறவன் உண்டு. ஆணி வைத்த தார்க்குச்சியால் குத்துகிறவனும் உண்டு. அந்த நேரத்தில் சாலையின் இரு பக்கமும் எழும்புகிற கூச்சல் யாருடையது? நம் சத்தத்தைக் கேட்டல்லவா அவன் கை ஓங்குகிறது? பிறர் பாவத்துக்கு ஒன்பது விதமாய் உடந்தையாகலாம் என்று பழைய ஞானோபதேசத்தில் பெரியவர்கள் படித்திருப்பீர்கள். ஏவுவதும் ஆலோசனை சொல்லுவதும் மட்டுமல்ல, புகழுவதும் மௌனமாயிருப்பதும் அந்த ஒன்பதில் அடங்கும்.

அர்ச். அகுஸ்தீன் தம் வாழ்க்கையை எழுதிய நூலின் 6-ம் புத்தகத்தில் அலிப்பியுஸ் என்ற நண்பரைப் பற்றிச் சொல்லுகிறார். உரோமையில் சட்டம் படித்த இந்த வாலிபரை, மனிதர் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் அரங்கத்துக்குத் தோழர்கள் வலுக்கட்டாயமாய் இழுத்துப் போனார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். திடீரென்று கூட்டம் ஆர்ப்பரித்தது. கண்ணைத் திறந்தார். பிறகு மூடவேயில்லை. அதற்குப்பின் தாமே போனதும் அல்லாமல் மற்றவர்களையும் அழைத்துப் போனார். காதையும் மூடியிருக்கக் கூடாதா என்று அகுஸ்தீன் வருந்துகிறார். அதே அலிப்பியுஸ்தான் பிற்பாடு தகாஸ்தே நகரத்து மேற்றிராணியார் ஆனார்.

அந்த அரங்கம் இடிந்து போயிற்று, பழக்கம் போகவில்லை. 2025 நவம்பர் 21-ல் துபாய் விமானக் காட்சியில் நம் தேஜஸ் விமானம் விழுந்து விமானி இறந்தார். சிறிது நேரத்துக்கெல்லாம் காட்சி மறுபடி தொடங்கிவிட்டது. அமெரிக்க விமானி ஒருவர் மனம் பொறாமல், தம் குழு பறப்பதை நிறுத்திக்கொண்டார்.

வருகிற பொங்கலுக்கு வேன் பேசியிருக்கிறவர்கள் போய் வாருங்கள். தண்ணீர் உங்களுக்கு வேண்டியதைவிடச் சற்று அதிகமாகவே எடுத்துப் போங்கள். காளைகள் வாடிவாசல் தாண்டி ஓடிவரும் வழியில் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். தோளில் உட்கார்ந்து பந்தயம் பார்க்கிற பிள்ளை, "அப்பா, அந்த மாட்டை ஏன் குத்துகிறார்கள்?" என்று நிச்சயம் கேட்கும். அதற்கு என்ன பதில் சொல்லப் போகிறீர்கள் என்பதை வண்டியிலேயே யோசித்துக்கொண்டு போங்கள்.