கணமும் பழக்கமும்

திருமலையிலும் ஆரணியிலும் தறியோசை கேட்டு வாழும் நமக்குக் கோல்ஃப் என்பது சீமான்களின் பொழுதுபோக்காகவே தோன்றும். ஆயினும் அவ்வாட்டத்தின் தொடக்க அடியாகிய 'டிரைவ்' பயிலும் முறை, அறநெறியாளரின் பழைய வினா ஒன்றை நம்முன் வைக்கிறது: நற்செயல் அந்தந்த நேரத்து மனவுறுதியால் விளைவதா, நெடுநாட் பழக்கத்தால் விளைவதா?

46 கிராம்கூட நிறையாத பந்து ஒரு சிறு முளைமேல் நிற்கிறது. புதியவர் மட்டையை இறுகப் பற்றித் தோள்வலிமை முழுவதையும் திரட்டி வீசுகிறார். வலக்கையராயின், பந்து பெரும்பாலும் வலப்புறம் வளைந்து புதருக்குள் போய்விடுகிறது. பயிற்றுநர் சொல்வதோ வேறு: பிடி இளகட்டும், பந்து இடது குதிகாலுக்கு நேரே இருக்கட்டும், இடுப்பு முதலில் திரும்ப, கைகள் பின்தொடரட்டும், மட்டை மேலெழத் தொடங்குகையில் பந்தைத் தொடட்டும். மட்டை மேலிருந்து இறங்க ஏறத்தாழக் கால் நொடி ஆகும். அது பந்தைத் தொட்டிருப்பதோ, ஒரு நொடியின் 2,000-இல் 1 பங்கு. அதற்குள் எதை எண்ணுவது, எதைத் திருத்துவது?

சுடுசொல்லுக்கு மறுசொல் நாவில் எழும் கணமும், பொய் சொல்லித் தப்ப வாய்க்கும் கணமும் இத்தகையனவே. கட்டிக் கட்டியே கொத்தனாராவதுபோல், நீதி செய்தே நீதிமானாகிறோம் என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. புனித தோமா அக்குவினாவும் புண்ணியத்தை நல்ல பழக்கமாகவே வகுத்தார். இறைவனே நம்முள் ஊட்டும் புண்ணியங்களும் உண்டென அவர் சேர்த்துக் கொண்டதை மறத்தலாகாது.

எனினும் தவறான வீச்சை ஆயிரம் முறை பயின்றவருக்குத் தவறே இயல்பாகிவிடும். தம் வீச்சைத் தாமே காணவும் எவராலும் இயலாது. தறியில் இளையவரின் பலகையடி சீர்கெட்டால், ஓசையைக் கொண்டே அதை அறியும் மூத்த நெசவாளர் அருகில் வேண்டும்.

1829-இல் தோன்றிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பின் புல்தரைப் பராமரிப்பாளர் ஒருவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. பெரும்பாலும் பிறர் ஆடக் கண்டே பயின்ற அவர், 2008-இல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தையும், 2016, 2017-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தையும் வென்றார். ஆசான் இல்லாமலும் தேறலாம் என்பதற்கு அவரைச் சான்றுகாட்டுவோர் உண்டு. நாம் அவ்வாறு கொள்ளோம். நல்ல வீச்சுகள் நாள்தோறும் அவர் கண்முன் நிகழ்ந்தன.

அத்தகைய காட்சி வாய்க்காத வீட்டில் வளர்ந்த பிள்ளையை, அவன் தவறிய ஒரு கணத்தை மட்டும் கொண்டு தீர்ப்பிடுதல் நீதியாகுமா? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் குருக்கள் இவ்வினாவின் கனத்தை நம்மைவிட நன்கறிவர்.