சாரி: துக்கமா, மன்னிப்பா?

‘சாரி’ என்ற ஆங்கிலச் சொல் மன்னிப்புக் கேட்கப் பிறந்ததல்ல. பழைய ஆங்கிலத்தில் வலி, புண் என்று பொருள்பட்ட ஒரு சொல்லின் வழி வந்தது அது. உடம்பின் வலி மனத்தின் வலியாகி, ‘செய்தது தப்பு’ என்று ஒப்புக்கொள்ளும் வேலையும் பிற்பாடுதான் அதன் தலையில் ஏறியது. பழைய பொருளும் போய்விடவில்லை. சாவு வீட்டில் சொல்லும் சாரி, துக்கத்தில் பங்கெடுப்பது. காதில் சரியாக விழாதவர் கேட்கும் சாரிக்கு ‘என்ன சொன்னீர்கள்?’ என்று பொருள். ஒரு பொருளுக்கோ நிலைமைக்கோ அடையாக வந்தால் பரிதாபம், சில சமயம் இளக்காரம்.

பேருந்தில் காலை மிதித்தவர் சாரி சொன்னால் எந்தப் பொருளில் என்று யாரும் கேட்பதில்லை. அரசுகள் சொன்னால் கேட்கிறார்கள். 2001 ஏப்ரலில் ஹைனான் தீவருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதிச் சீன விமானி இறந்தார். 24 அமெரிக்கர்கள் சீனாவின் பிடியில் இருந்தனர். அமெரிக்கா கொடுத்த கடிதத்தில் ‘வெரி சாரி’ இரண்டு இடத்தில் வந்தது. அது இரங்கல் என்றது அமெரிக்கா; மன்னிப்பு என்று தன் மக்களிடம் காட்டிக்கொண்டது சீனா. 24 பேரும் வீடு திரும்பினர்.

ஆஸ்திரேலியாவில் விவகாரம் இவ்வளவு சுளுவாக முடியவில்லை. பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்த கொடுமையை 1997இல் ஒரு விசாரணை அறிக்கை விரிவாகப் பதிவுசெய்தது. நாடாளுமன்றங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது. பிரதமர் ஜான் ஹோவர்ட் மறுத்தார். முன்னோர் செய்ததற்கு இன்றைய தலைமுறை எப்படிப் பொறுப்பாகும் என்பது அவர் வாதம். 1999இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தில் ஆழ்ந்த வருத்தம் இருந்தது, சாரி இல்லை. தூர்தர்ஷனின் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டையைப் போல, தடங்கல் யாரால் என்று அந்த வருத்தம் சொல்லவில்லை. மறு ஆண்டு மே மாதம் சிட்னி துறைமுகப் பாலத்தில் லட்சக்கணக்கானோர் நடந்தபோது, தலைக்கு மேலே வானத்தில் விமானப் புகையால் அந்த ஒற்றைச் சொல் எழுதப்பட்டது.

இந்த வழக்கில் அதிகம் கவனிக்கப்படாத சங்கதி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பேசும் ஆங்கிலத்தில் ‘சாரி பிசினஸ்’ என்றால் இழவுக் காரியம். உறவுகள் தொலைவிலிருந்தும் வந்து கூடுவது, இறந்தவர் பெயரை வாயால் சொல்லாதிருப்பது எல்லாம் அதில் அடக்கம். அந்தக் காதுகளில் சாரி, குற்ற ஒப்புதலாக மட்டுமா விழுந்திருக்கும்? ‘எங்கள் இழவுக்கு வந்து உட்காருங்கள்’ என்ற எதிர்பார்ப்பும் அதில் இருந்திருக்கலாம். அப்படியானால் ஹோவர்டின் வாதம் நிற்காது. துக்கம் கேட்க வருகிறவர் கொலை செய்தவராக இருக்க வேண்டியதில்லையே. ஆனால் வெறும் துக்கம் என்று வைத்துக்கொண்டால், குழந்தைகளைப் பறித்த சட்டத்துக்குக் கையெழுத்துப் போட்ட அரசு சுலபமாகத் தப்பித்துவிடும். இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல அந்தச் சொல் இடம் கொடுப்பதில்லை.

சட்டம் ஓரளவு பிரித்திருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2009இல் இயற்றிய மன்னிப்புச் சட்டத்தின்படி, சாரி சொன்னதைக் குற்ற ஒப்புதலாக உரிமையியல் நீதிமன்றத்தில் காட்ட முடியாது.

2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் முன்மொழிந்த தீர்மானத்தில் சாரி மூன்று முறை வந்தது. இழப்பீடு வரவில்லை. கூட்டரசின் நேரடி ஆளுகையில் இருந்த பகுதிகளில் பறிக்கப்பட்டவர்களுக்குத் தலா 75,000 டாலர் தரும் திட்டம் 2021இல்தான் அறிவிக்கப்பட்டது.