கையில் இருக்கும் பணமும் கார்டில் இருக்கும் பணமும்



"அண்ணே, கஷ்டப்பட்டு இருபதாயிரம் சேர்த்துட்டேன். வீட்டுல அவசரத்துக்குன்னு அப்படியே வைக்கச் சொல்றாங்க. பேங்குல என்னடான்னா, அதை டெபாசிட் போட்டா கிரெடிட் கார்டு தர்றோம்ங்கிறாங்க. எது சரி?" நம் வாலிபர்களில் அநேகர் இந்நாட்களில் கேட்கிற கேள்வி இது. இந்தக் கணக்குக்கெல்லாம் சபைப் பத்திரிகையில் என்ன வேலை என்று நினைத்துவிடாதேயுங்கள். ஆபத்துநாளில் ஒரு குடும்பம் எதன்மேல் சாய்ந்து நிற்கப்போகிறது என்பதல்லவா கேள்வி?

அந்தக் கார்டு என்னவென்று முதலில் பார்ப்போம். நிலையான சம்பளம் காட்ட முடியாதவருக்கும், இதுவரை கடனே வாங்காதவருக்கும் வங்கிகள் கார்டு கொடுக்கத் தயங்கும். ஆகவே ஒரு பிக்ஸட் டெபாசிட்டை ஈடாகப் பிடித்துக்கொண்டு, அதில் 80, 90 சதவீதம் வரை, சில வங்கிகளில் முழுத் தொகைக்கும், செலவு செய்யக் கார்டு கொடுக்கிறார்கள். டெபாசிட்டுக்கு வட்டி வரும். ஆனால் கார்டு இருக்கும்வரை அந்தப் பணத்தை எடுக்க முடியாது. ரசீது உங்கள் பேரில், பூட்டு வங்கியின் கையில். நகையை அடகு வைத்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு ஏன் ஜனங்கள் இதை விரும்புகிறார்கள்? சிபில் மதிப்பெண்ணுக்காகத்தான். 300-லிருந்து 900 வரை போகும் அந்த எண். மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினால் ஏறும், நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கும்போது உதவும். இது நியாயமான ஆசைதான், நான் பரிகாசம் பண்ணவில்லை. ஆனாலும் ஒன்று சொல்லுகிறேன். வாங்கித் திருப்பிக் கட்டினவனுக்கு எண் உண்டு. யாரிடமும் கைநீட்டாமல் இட்லி விற்றுப் பிள்ளைகளை வளர்த்த தாய்க்கு எண்ணே கிடையாது. அவள் நாணயத்தில் குறைந்துபோனாளா? பழைய கடன் கணக்கு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கேட்பவரைத் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதை 2025-ல் மத்திய நிதி இணையமைச்சரே மக்களவையில் எடுத்துச் சொன்னார்.

இப்போது ஆபத்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தம்பி கொத்து வேலைக்குப் போகிறவர். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கார்டைத் தேய்த்து 18,000 ரூபாய் கட்டியாகிவிட்டது, ஸ்தோத்திரம். பில் வருகிறபோது அவர் இன்னும் கட்டிலில் இருக்கிறார், கூலி இல்லை, கட்ட முடியவில்லை. மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வட்டி 630 ரூபாய். அதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 113 ரூபாய். ஆக மாதம் 743. பூட்டிக் கிடக்கும் 20,000-க்கு வருஷத்துக்கு ஆறரை சதவீதம் வட்டி என்றால் அந்த மாதம் கிடைப்பது 108 ரூபாய். தன் பணம் உள்ளே கிடக்க, அதை நம்பிக் கொடுத்த கடனுக்கு ஏழு மடங்கு வட்டி! ஏ.டி.எம்.-மில் எடுத்தாரானால் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும், கட்டணம் தனி. கட்டாமலே போனால் வங்கி டெபாசிட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். எந்த மதிப்பெண்ணுக்காகப் பணத்தைப் பூட்டினாரோ அதுவும் விழுந்துவிடும்.

கவனித்தீர்களா? அடுத்த மாதம் சம்பளம் வரும் என்ற நம்பிக்கையில்தான் கார்டு ஓடுகிறது. ஆபத்தோ அடுத்த மாதத்துச் சம்பளத்தையும் சேர்த்தே கொண்டுபோகிறது.

"நாளைக்கென்று சேர்த்து வைப்பது அவிசுவாசம் அல்லவா?" என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. நாளைய கூலியை இன்றைக்கே எழுதிக் கொடுப்பவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஏழு செழிப்பான வருஷங்களில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்த யோசேப்பு அவிசுவாசியா? (பஞ்சத்தில் அவன் தானியத்தை விற்றான், சும்மா கொடுக்கவில்லை. அது வேறொரு நாள் பேசவேண்டியது.) களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டின ஐசுவரியவானும் சேர்த்தான், ஆனால் அவன் கணக்கில் அவனைத் தவிர வேறொருவரும் இல்லை. நம் தாய்மார் உலை வைக்கும்போது எடுத்துவைத்தார்களே கைப்பிடி அரிசி, அது யாருக்கென்று நினைத்து எடுத்தார்கள்? ராத்திரி பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "அக்கா, ஆட்டோவுக்கும் மருந்துக்கும் ஒரு ரெண்டாயிரம் இருக்குமா?" என்றால், கையில் இருக்கிறவர் எடுத்துக் கொடுப்பார். கார்டு மட்டும் உள்ளவர் அவருக்காகத் தானும் கடன்காரராக வேண்டும்.

ஆகையால் அந்தத் தம்பிக்கு என் ஆலோசனை, வீட்டில் சொல்வதைக் கேளும். இருபதாயிரம் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். ஏற்கெனவே மீட்டர் வட்டிக் கடன் இருந்தால் முதலில் அதை அடையும். ஒரு மாதச் செலவுக்கு, பிறகு மூன்று மாதச் செலவுக்குக் கையில் சேர்ந்தபின், வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் மெய்யாகவே இருந்தால், அதைத் தொடாமல் வேறொரு ஐயாயிரமோ பத்தாயிரமோ டெபாசிட் போட்டுக் கார்டு எடுத்துக்கொள்ளும். அத்தனை சிறிய டெபாசிட்டுக்கும் கார்டு தருகிற வங்கிகள் உண்டு. அதில் கேஸ் சிலிண்டரும் கரண்ட் பில்லும் மட்டும் கட்டி, பில் வந்ததும் முழுவதையும் அடைத்துவிட வேண்டும். 'குறைந்தபட்சத் தொகை' என்று பில்லில் தனியாக ஒன்று போட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஏற்கெனவே கார்டு எடுத்துவிட்டவர்கள் கலங்க வேண்டாம். பாக்கியை அடைத்துவிட்டு மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 2022-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும். டெபாசிட்டின் மேலிருந்த பிடியை நீக்கிவிட்டதாக எழுத்தில் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதேயுங்கள்.